பொட்டு வைத்தாலும் திறக்கும் கதவு

அன்புள்ள கிருபாவுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அப்பாவின் போனுக்குச் செய்தி வந்தது. என் போனுக்கு வரவில்லை. டயகமவில் பஸ் ஏறியதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாயே, அந்தக் கோபம் ஹட்டனைத் தாண்டியும் இறங்கவில்லை என்று புரிந்துகொண்டேன். இறங்காவிட்டால் போகட்டும். கோபத்தில் இருக்கிறவன் ஒரு எழுத்து விடாமல் படிப்பான், எங்கே குற்றம் கண்டுபிடிக்கலாம் என்று. அப்படியே படி. இன்று ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்தில் வேலை இல்லை. மழை விடுகிற மாதிரியும் தெரியவில்லை. உட்கார்ந்து நிதானமாக எழுதப் போகிறேன். இதை உறையில் போட்டு ஒட்டி அனுப்பலாம்தான். ஆனால் கதவைப் பற்றி எழுதுகிற கடிதத்தை எதற்கு மூட வேண்டும்? கோயில் திருவிழா மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பாடசாலை மாஸ்டர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். உனக்கு இதை ஒட்டாமல் இப்போதே அனுப்பிவிட்டு, ஒரு பிரதியை அவருக்குக் கொடுத்துவிடுவேன். நம் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்குப் போய் கேமராவும் பூட்டும் பொருத்துகிற பிள்ளை நீ ஒருவன் மட்டுமா என்ன, எல்லாரும் படிக்கட்டும்.

படிக்கிற மற்றவர்களுக்கு விஷயம் தெரிய வேண்டும். என் மகன் கிருபா கட்டடங்களுக்குக் கரண்டில் வேலை செய்யும் பூட்டுகளைப் பொருத்துகிறவன். கொழும்புக்குப் பக்கத்தில் கார்மென்ட் வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகள் தங்குவதற்கு மாடி மாடியாக ஒரு போர்டிங் கட்டியிருக்கிறார்கள். அதன் கதவுகள் எல்லாவற்றுக்கும் இவன்தான் பொறுப்பு. முதல் தடவையாக இவனை நம்பி ஒரு முழுக் கட்டடத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று நம் லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் தெரியும், சொல்லிச் சொல்லி அவர்கள் காதே தேய்ந்துவிட்டது. வருகிற வாரம் கட்டடத்தை ஒப்படைக்க வேண்டும். தீபாவளிக்கு வந்த இடத்தில், முறுக்கைக் கடித்துக்கொண்டே நீ சொன்னாய்:

“கரண்டு போனாலும் கதவு பூட்டித்தான் இருக்கணும்னு கட்டடத்து மொதலாளி சொல்றாரும்மா. உள்ள இருந்து வெளிய வர்றதுக்கும் கார்டு காட்டணும். கைப்பிடி கிடையாது. கரண்டு இல்லாட்டி வாட்சர்கிட்ட சாவி இருக்கு.”

“வாட்சர் டீ குடிக்கப் போயிருந்தா?”

“அதெல்லாம் போகமாட்டாரு.”

“நம்ம மடுவத்துல நடந்தது மறந்து போச்சா? குளவி வந்தா?”

“கொழும்புல ஏதும்மா குளவி!”

அதற்குப் பிறகு நாம் இரண்டு பேரும் பேசியதை இங்கே எழுத மாட்டேன், தீபாவளி நாளில் பேசக்கூடாததைப் பேசினோம். உன் அப்பா இடையில் புகுந்து, “கேக்குறவன் கேக்குறதத்தான அவன் குடுக்க முடியும்? அவன் பொழப்ப கெடுத்துறாத”, என்று என்னை அடக்கினார். இப்போதும் என் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். நான் உன் பிழைப்பைக் கெடுக்க எழுதவில்லை. அந்தக் கட்டடத்தில் படுத்துத் தூங்கப் போகிற பிள்ளைகள் ஒரு ஆபத்து என்றால் தாங்களே கதவைத் திறந்துகொண்டு வெளியே வர வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்குக் குறைவாக நீ கையெழுத்துப் போட்டால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பூட்டுக்கும் உனக்கும் உள்ள உறவு நேற்று வந்ததில்லை. நீ நடக்கப் பழகி ஓடத் தொடங்கிய வயதில் ஒரு நாள், நான் குழாயடிக்குத் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து நம் ஒற்றை அறைக் காம்பராவின் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டாய். போடத் தெரிந்தது, எடுக்கத் தெரியவில்லை. உள்ளே அடுப்பில் சோறு கொதிக்கிறது. நான் வெளியே நின்று கெஞ்சுகிறேன், நீ உள்ளே நின்று கத்துகிறாய், லயமே திரண்டு வந்து ஆளுக்கொரு யோசனை சொல்கிறது. அந்தக் காம்பராவுக்கு ஒரே வாசல் என்பது உனக்கும் தெரியும். உன் அப்பா கூரையில் ஏறி, ஒரு தகரத்தைக் கழற்றி, கரி படிந்த உத்தரத்தைப் பிடித்து உள்ளே குதித்தார். முகமெல்லாம் கரியோடு இறங்கிய மனிதனைப் பேய் என்று நினைத்து நீ இன்னும் பெரிதாக அலறினாய். மறுநாள் அவர் அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றி, உன் கைக்கு எட்டாத உயரத்தில் வெளியிலிருந்தும் விலக்கக்கூடிய ஒரு கட்டையை அடித்தார். பூட்டு வேலைக்குப் போகப் போகிறான் என்று அன்றைக்கே ஜாதகம் எழுதியிருக்கலாம்.

இனி பிள்ளை மடுவத்துக் கதைக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் என் வாயால் முழுதாக நீ கேட்டதில்லை. அம்மாமார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். இந்த வேலையில் நான் நரைத்துவிட்டேன். ஒரு பிள்ளை எங்கள் கண்ணைத் தப்பி ரோட்டுக்கு இறங்கி, கொழுந்து லொறி பிரேக் அடித்து நின்றது. அதற்குப் பிறகுதான் கதவுக்கு நல்ல பூட்டுப் போட வேண்டும் என்று தோட்டத்தை நடத்துகிற துரை முடிவெடுத்தார். அந்த வேலை உங்கள் கம்பனிக்குக் கிடைத்து நீயே வந்து இறங்கினபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முதலில் விரல் வைத்தால் திறக்கிற பூட்டைத்தான் கொண்டுவந்தாய். கொழுந்து பறித்துப் பறித்துக் கறை ஏறி வெடித்துப்போன விரல்களை அந்தப் பெட்டி ஒன்றுகூட அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டுக் கொழுந்துக்குப் போகிற செல்வி தன் கட்டை விரலை மாற்றி மாற்றி வைத்துவிட்டு, “எங்கள மனுசியாவே சேக்க மாட்டேங்குதே தம்பி”, என்று சிரித்தாள். செல்வியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அதன் பிறகு நீ அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு, அட்டை காட்டினால் திறக்கிற காந்தப் பூட்டை வைத்தாய். கரண்ட் ஓடும்வரை காந்தம் கதவைப் பிடித்திருக்கும், கரண்ட் நின்றால் விட்டுவிடும் என்று விளக்கினாய். “பூட்டுல ரெண்டு சாதிம்மா. கரண்டு போனா தொறக்குறது ஒண்ணு, கரண்டு போனா பூட்டிக்கிறது ஒண்ணு. பிள்ளைங்க இருக்குற எடத்துக்குத் தொறக்குறதுதான்”, என்றாய். அட்டை காட்டுகிற இடம் வெளிப்பக்கம் மட்டும்தான், உள்ளேயிருந்து வெளியே வர ஒரு பச்சைப் பித்தான். அவ்வளவு தெளிவாக நீதான் சொல்லித் தந்தாய். இந்தக் கடிதத்தில் பூட்டைப் பற்றி நான் எழுதுவதெல்லாம் உன்னிடம் படித்தது.

பிறகு மழைக்காலம் வந்தது. நம் மழைக்காலத்தில் கரண்ட் இருப்பதும் வெயில் அடிப்பதும் ஒன்று. கரண்ட் போகும்போதெல்லாம் கதவு தானாகத் திறந்தது, பிள்ளைகள் முற்றத்துக்கு ஓடினார்கள், நாங்கள் பின்னால் ஓடினோம். ஆபீஸிலிருந்து முறைப்பாடு போனது. நீ வந்து ஒரு பேட்டரியை மாட்டிவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு கரண்ட் போனாலும் கதவு அசையவில்லை, எங்களுக்கும் நிம்மதியாக இருந்தது. அம்மாமாருக்கும் ஆளுக்கொரு அட்டை கிடைத்தது. நனைந்த சட்டையிலும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலும் அட்டையை எங்கே வைப்பது? மலையில் விழுந்தால் தேயிலைக்குள் தேடவா முடியும்? ஆகவே பிள்ளையை விடும்போது அட்டையையும் உள்ளே மாரியம்மன் படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்கள். சாமி காவல் இருக்கும் இடத்தில் பொருள் தொலையாது என்பது எங்கள் எல்லாருடைய கணக்கும்.

போன வருஷம் ஆயுத பூசை. தேயிலை அரைக்கிற ஸ்டோரில் ரோதை இயந்திரங்களுக்கெல்லாம் பூசை நடக்கும்போது மடுவம் மட்டும் என்ன பாவம் செய்தது? பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு கதவுக்குக் கல் வைத்துத் திறந்து போட்டு, எல்லாவற்றையும் கழுவித் துடைத்தோம். பிள்ளைகளை நிறுக்கிற தராசுக்குப் பொட்டு, பால் காய்ச்சுகிற பானைக்குப் பொட்டு, தேத்தண்ணிக் கேத்தலுக்குப் பொட்டு, நீ மாட்டிய பூட்டுப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் பொட்டு. பச்சைப் பித்தானுக்குக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். மகன் வைத்த பித்தான் அல்லவா? குழைத்த சந்தனம் ஓரமெல்லாம் வழிந்தது, அதன் நடுவில் குங்குமம். கற்பூரம் காட்டி, அவல் கடலை தின்று, கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனோம். மறுநாள் காலையில் பிள்ளைகள் வந்து சேரும்வரை வழக்கம்போல் கதவு கல்லில் நின்றது. எல்லாரும் வந்ததும் கல்லை எடுத்துக் கதவைச் சாத்தினேன். பித்தானை அமுக்குகிற வேலை அதுவரை யாருக்கும் வரவில்லை.

மடுவத்துக்கு மேலே உள்ள மலையில்தான் அன்று கொழுந்து. பருந்து மோதியதோ என்னவோ, மரத்திலிருந்த குளவிக்கூடு கலைந்தது. “குளவி! குளவி!” என்ற சத்தம் முதலில் வந்தது, அடுத்த மூச்சுக்குள் கதவில் கைகள் விழுந்தன. செல்வியும் அவளோடு பறித்தவர்களும் படங்கைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, “தொறங்கக்கா, தொறங்க!” என்று அலறுகிறார்கள். அவர்களுடைய அட்டைகள் எல்லாம் என் முதுகுக்குப் பின்னால் மாரியம்மன் காவலில் தொங்குகின்றன. நான் பித்தானை அமுக்கினேன். அது உள்ளே போகவில்லை. சந்தனம் காய்ந்து சீமெந்து மாதிரி பிடித்திருந்தது. உள்ளங்கையால் குத்தினேன், செருப்பால் அடித்தேன். எனக்கு உதவியாக வேலை செய்கிற பிள்ளை சின்னவர்களைப் படுக்கிற அறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள். அம்மா குரலை அடையாளம் கண்டு அவர்கள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அப்போது நீ சொன்னது ஞாபகம் வந்தது. கரண்ட் போனால் திறக்கும். ஓடிப்போய் மெயினை அணைத்தேன். கதவு திறக்கவில்லை. உன் பேட்டரி அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஜன்னலைத் திறந்தால் குளவி பிள்ளைகள்மேல் வரும். கதவுக்குக் கீழே விரல் நுழைகிற இடைவெளி இருந்தது. ஆணியிலிருந்து ஒரு அட்டையைப் பிடுங்கி, தரையில் படுத்து அந்த வழியாக வெளியே தள்ளினேன். “செல்வி, கீழ பாரு, கீழ!” படங்குக்குள்ளிருந்து ஒரு கை வந்து தரையைத் தடவி அட்டையை எடுத்தது. கதவு திறந்தது. எல்லாரையும் உள்ளே தள்ளிவிட்டுக் கடைசியாக வந்தவள் செல்வி. அட்டையைப் பிடித்த அந்தக் கையில்தான் அதிகம் கொட்டியிருந்தது. தோட்டத்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முகம் வீங்கிக் கண் தெரியாமல் கிடந்தாள். பிழைப்பாளா மாட்டாளா என்று நான் வேண்டாத சாமி இல்லை. குளவி கொட்டிச் செத்தவர்களை நம் மலைகளில் யாருக்குத்தான் தெரியாது? பிழைத்தாள். பேச்சு வந்ததும் அவள் கேட்டது, “அக்கா, எம் பிள்ளைய குளவி தொடல தான?” நான் அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

செய்தி கேட்டு நீ ஓடி வந்தாய். பித்தானைக் கழற்றிப் பார்த்தாய்.

“பொட்டு வைக்கிற எடமாம்மா இது?”

“எதுக்குத்தான் வைக்கல? தராசுக்கு வச்சேன், கேத்தலுக்கு வச்சேன்.”

“பித்தான் மேல யாராச்சும் வைப்பாங்களா?”

“நாங்க வைப்போம்.”

மகனுக்கு எழுதுகிற கடிதத்தில் தாய் தன் தப்பை ஒத்துக்கொள்வது வழக்கம். ஒத்துக்கொள்ள என்னிடம் எத்தனையோ இருக்கின்றன. உன் சைக்கிளை உன்னைக் கேட்காமல் விற்றேன், அது தப்பு. உன் முடியை நானே வெட்டி உன்னை அந்தக் கோலத்தில் பாடசாலைக்கு அனுப்பினேன், அது பெரிய தப்பு. ஆனால் அந்தப் பொட்டைத் தப்பு என்று நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆயுத பூசைக்குப் பொட்டு வைக்கிற ஜனங்களுக்குப் பூட்டு செய்கிறவன், பொட்டு வைத்தாலும் திறக்கிற மாதிரிச் செய்ய வேண்டும். யோசித்துப் பார், அதில் யார் கெட்டவர்? பிள்ளை ரோட்டுக்கு ஓடக்கூடாது என்று துரை நினைத்தார். கரண்ட் போனாலும் பிள்ளைகள் உள்ளேயே இருக்கட்டும் என்று நீ பேட்டரி வைத்தாய். தொலையக்கூடாது என்று அவர்கள் அட்டையை மாட்டினார்கள். நன்றாக இருக்கட்டும் என்று நான் பொட்டு வைத்தேன். ஆளுக்கொரு நல்ல எண்ணம் சேர்ந்து ஒரு கெட்ட கதவாகிவிட்டது. உன் போர்டிங் கதவும் அந்த வழியில்தான் போகிறது. அங்கே யாரும் சந்தனம் பூசமாட்டார்கள் என்று சொல்வாய். அந்த வயசுப் பிள்ளைகள் ஸ்டிக்கர் பொட்டைக் கழற்றி எங்கே ஒட்டுவார்கள் என்று உனக்குத் தெரியாது. கண்ணாடியில், சுவரில், கைக்கு எட்டுகிற எல்லாவற்றிலும் ஒட்டுவார்கள். ஈரத் துணியைப் பூட்டுப் பெட்டி மேல் காயப் போடுவார்கள்.

எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது குளவி இல்லை. அன்றைக்கு வெளியே ஆள் இருந்தது, நான் தள்ளிய அட்டையை எடுக்க ஒரு கை இருந்தது. அதே காலையில் பால் காய்ச்சுகிற அடுப்பிலிருந்து நெருப்புப் பிடித்திருந்தால்? வெளியே ஒருவரும் இல்லை, எல்லாரும் மலையில். நான் அட்டையைத் தள்ளி யாருக்குக் கொடுப்பேன்? அந்தக் கேள்வியை நான் உன்னிடம் கேட்டபோது நீ கோபப்படவில்லை. பேட்டரியைக் கழற்றினாய், காந்தத்தையும் கழற்றினாய். ஹட்டனுக்குப் போய்க் கைப்பிடி வைத்த ஒரு பூட்டை வாங்கி வந்து மாட்டினாய். வெளியிலிருந்து வர அட்டையோ சாவியோ வேண்டும், கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும். உள்ளேயிருந்து கைப்பிடியை அமுக்கினால் போதும், அதற்குக் கரண்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். சின்னவர்களுக்கு எட்டாத உயரத்தில் அதை வைத்தாய். கைப்பிடி அசைந்தால் மணி அடிக்கும்படி செய்தாய். அப்புறம் ஒன்று செய்தாய் பார், அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். செல்வியின் சின்னவளைத் தூக்கி என் இடுப்பில் வைத்து, “கண்ண மூடிக்கிட்டுத் தொறங்கம்மா”, என்றாய். திறந்தேன். இடது கையால் திறக்கச் சொன்னாய். திறந்தேன். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளையைக் கூப்பிட்டு, எப்படித் திறப்பது என்று சொல்லித் தராமல், வெளியே போகச் சொன்னாய். அவளும் திறந்துகொண்டு போனாள். அதற்குப் பிறகுதான் உன் கருவிப் பெட்டியை மூடினாய். என் மகன் தொழில் தெரிந்தவன் என்று நான் முடிவுகட்டியது அப்போதுதான், சர்ட்டிபிகேட்டைப் பார்த்து இல்லை.

அந்த மணி வேலை செய்கிறதா என்று நீ இடையில் கேட்கவே இல்லை. செய்கிறது. ஒரு பொடிசு பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறி கைப்பிடியை அமுக்கிவிட்டாள். மணி அடித்தது, வாசற்படியிலேயே பிடித்துவிட்டோம். யாராவது போவார்கள் என்ற பயத்துக்குப் பூட்டு இல்லை, மணியைக் கேட்கிற காதுதான் வைத்தியம் என்று எங்களுக்குப் புரிந்தது. இதை அந்தக் கட்டட முதலாளியிடம் சொல். அவர் பயத்தில் பாதி நியாயம். திருடன் வருவான், உண்மை. அதற்காக வெளிப்பக்கம் கரண்ட் போனாலும் பூட்டியே இருக்கட்டும், திருடன் நிற்பது வெளியேதானே. பெண்பிள்ளைகள் சொல்லாமல் வெளியே போய்விடுவார்கள் என்கிறார். அந்தப் பயம் எங்களுக்கும் உண்டு, நாங்கள் பெற்றவர்கள். கைப்பிடியைத் தொட்டால் வாட்சர் அறையில் மணி அடிக்கட்டும். அடித்தால் யார் என்று அவர் எழுந்து வந்து பார்க்கட்டும், அதற்குத்தானே அவரை வைத்திருக்கிறார்கள். நெருப்பு மணி அடித்தால் படிக்கட்டுக் கதவும் வாசல் கதவும் தானாகப் பூட்டை விட வேண்டும், ஒரு மனிதன் வந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை மறுபடி பூட்டிக்கொள்ளக் கூடாது. தானாக விடாமல் போனாலும் கைப்பிடி இருக்க வேண்டும். புகையில் எழுத்துத் தெரியாது, பயத்தில் அட்டை கிடைக்காது, நேற்று வந்து சேர்ந்த பிள்ளைக்கு எந்தப் பெட்டி எதற்கு என்று தெரியாது. கை தானாகக் கதவை நோக்கிப் போகும், கை போகிற இடத்தில் கைப்பிடி இருக்கட்டும்.

முதலாளி கேட்கவில்லை என்றால் வாதாடாதே. வாதாடுவதில் நீ உன் அப்பா மாதிரி, பாதியில் விட்டுக்கொடுத்துவிடுவாய். அவரை மரியாதையாகக் கூட்டிக்கொண்டு மேல் மாடிக்குப் போ. “சேர், ஒரு சோதனை”, என்று சொல்லி உள்ளே விட்டுக் கதவைச் சாத்து. மெயினை அணை. கண்ணை மூடிக்கொண்டு வெளியே வரச் சொல். வாட்சரை டீ குடிக்க அனுப்பிவிடு. பிறகு அவரே கைப்பிடி கேட்பார். கேட்காவிட்டால், கைப்பிடி இல்லாமல் நான் ஒப்படைக்க மாட்டேன் என்று உங்கள் கம்பனியில் சொல். இப்போது உன் அப்பா பெருமூச்சு விடுகிறார். வேலை போய்விடும் என்கிறார். போகாது என்று நான் நினைக்கிறேன், கைவேலை தெரிந்தவனை யாரும் அவ்வளவு சுலபமாக விடமாட்டார்கள். போனால் வா. சோறு இருக்கிறது. ஊர் வாயை நான் பார்த்துக்கொள்கிறேன், அதற்கு என் வாய் போதும்.

இதை எழுத வைத்த விஷயத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். நீ பஸ் ஏறின சாயந்திரம் செல்வி வந்தாள். குளவி கொட்டிய அந்தக் கையில் பலகாரத் தட்டு. அவளுடைய மூத்தவள் நிரோஷாவுக்குக் கார்மென்டில் வேலை கிடைத்துவிட்டதாம். நீ ஒப்படைத்ததும் அந்தப் போர்டிங்கில்தான் தங்கப் போகிறாளாம். வீட்டை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே படுக்காத பிள்ளை.

“பயமாத்தான் இருக்கு அக்கா. ஆனா நம்ம கிருபா தம்பி போட்ட கதவுதான அது? நம்ம மடுவத்துல போட்ட மாதிரிதான போட்டிருக்கும்?”

அவளுக்கு நம் சண்டை தெரியாது. நான் ஒரு நொடி அவள் கையைப் பார்த்தேன். “ஆமா செல்வி, அதே மாதிரிதான்”, என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவள் நான். அதை நீ மெய்யாக்கித் தர வேண்டும், வேறு யாராலும் முடியாது.

இந்த வருஷ ஆயுத பூசைக்கும் மடுவத்துக் கைப்பிடிக்குப் பொட்டு வைத்தேன், உனக்குச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் முதல் வேலையாக அமுக்கிப் பார்த்தேன். திறந்தது. நிரோஷாவின் பெட்டியில் ஒரு சின்னச் சந்தனப் பொட்டலம் வைத்து அனுப்புகிறேன். அந்தப் போர்டிங் கதவில் உள்பக்கம் கைப்பிடி இருந்தால் அதற்கு என் பேரைச் சொல்லி ஒரு பொட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். இல்லாவிட்டால் பெட்டியைக் கீழே வைக்காமல், அன்றைக்கே ஹட்டன் பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

உன் அம்மா